நூற்று இருபது லிட்டர் கடல்

என் வீடு மரின் பரேட்டில் இருக்கிறது. கடலைத் தூர்த்த நிலத்தில் மட்டுமே எழுப்பப்பட்ட முதல் வீவக குடியிருப்புப் பேட்டை இது. அம்மா சிறுமியாக இருந்தபோது, தாத்தா காத்தோங்கில் கடலைப் பார்த்த ஒரு பங்களாவில் தோட்டக்காரராக இருந்தார். 1966இல் கிழக்குக் கரையைத் தூர்க்கத் தொடங்கியபோது அம்மாவுக்குப் பதிமூன்று வயது. 2020 கடைசியில் நான் வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, அதில் உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்ததை அவர் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கதான்டா தண்ணி நின்னுச்சு. அத வெளியே தள்ளிட்டு இப்ப காசு குடுத்து உள்ள கொண்டாறீங்க" என்றார்.

நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தார். ஆனால் ஐந்து வருடமாக அந்த வாக்கியம் வீட்டிலேயே இருக்கிறது. இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஓர் உயிரை எடுத்து வந்துவிட்டு, அதன்பிறகு அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டால், அந்தப் பார்த்துக்கொள்ளுதலுக்கு என்ன பெயர்? அன்பா, பரிகாரமா, அல்லது திருடிய பொருளைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பது போல ஒன்றா?

தொட்டி பெரியதில்லை. நீளம் 60 சென்டிமீட்டர், அகலமும் உயரமும் 45. சுமார் 120 லிட்டர். நன்னீர் மீன் வளர்த்தவர்கள் இதையும் அப்படித்தான் நினைப்பார்கள்: தண்ணீர் ஊற்று, மீனை விடு. கடல்நீரில் முதல் பாடமே காத்திருப்பது. குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருக்கும், அதனால் வடிகட்டிச் சுத்தமாக்கிய தண்ணீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்புத்தன்மை நிற்க வேண்டும். பிறகு பாறைகளை அடுக்கி, உயிரே இல்லாத தொட்டிக்கு விளக்கும் அலையும் கொடுத்து, நான்கிலிருந்து ஆறு வாரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அமோனியா ஏறும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி அதை நைட்ரைட்டாக்கும். அதைத் தின்னும் வேறொரு கூட்டம் வந்து நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது பொறுத்துக்கொள்ளக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத இந்தக் குடியேற்றம் முடிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும் எதையும் உள்ளே விடலாம்.

எனக்கு அந்த ஆறு வாரம் பிடித்திருந்தது. கொவிட் கட்டுப்பாடுகள் முழுதாக விலகாத காலம். நாங்களும் ஒருவகைத் தொட்டிக்குள்தான் இருந்தோம். தினமும் இரவு சாப்பிட்டதும் சோதனைக் குப்பியில் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். பவளங்கள் வந்த பிறகு கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை என்று நோட்டில் பத்திகள் கூடின. வேலையிடத்தில் எவ்வளவு குழப்பம் இருந்தாலும் அந்தப் பத்து நிமிடம் நான் ஒழுங்கான மனிதனாக இருந்தேன். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வருகிறேன்.

மார்ச்சில் ஒரு மாண்டரின் மீனை வாங்கினேன். சுண்டுவிரல் நீளம். நீலத்தின் மேல் ஆரஞ்சுக் கோடுகள், யாரோ பத்திக் துணியில் வரைந்த மாதிரி. கடைக்காரர் "ரொம்ப சாது, எல்லாத்தோடவும் சேரும்" என்றார். அது உண்மைதான். சொல்லாமல் விட்டது வேறொன்று. மாண்டரின் மீன் பாறையில் ஊரும் பொடிப்பொடியான உயிருள்ள இறால் இனங்களைத்தான் நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும். என்னுடையதைப் போன்ற சின்ன, புதிய தொட்டியில் அவை இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். போடுகிற உணவை அது உணவு என்றே அறியாது. வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் படித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் நிறத்தைப் பார்த்தேன், வாங்கினேன்.

அது இரண்டு மாதம் உயிரோடு இருந்தது. நான் உறைந்த உணவு மூன்று வகை வாங்கினேன். சொட்டுக் குழாயால் அதன் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் விட்டேன். உணவு அதன் முகத்தில் பட்டுக் கீழே விழும், அது நகர்ந்துவிடும். வயிறு உள்வாங்கி, முதுகெலும்பின் கோடு தெரிந்தது. சோறு குவிந்து கிடக்கும் வீட்டில் ஒரு ஜீவன் பட்டினியால் சாவதை அம்மா தினமும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அது செத்த அன்று மட்டும், "சாப்பிடத் தெரியாத புள்ளையக் கூட்டிட்டு வந்துட்ட" என்றார்.

வீட்டில் கடலை வைத்துக்கொள்ளும் ஆசைக்கு இருநூறு வருடம்கூட ஆகவில்லை. 1846இல் அன்னா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி டார்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அப்போது பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. தண்ணீரில் காற்றுக் கலக்க, திறந்த சன்னல் முன்னால் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்தவர் அவர் வீட்டுப் பணிப்பெண். பவளங்கள் ஏறக்குறைய மூன்று வருடம் வாழ்ந்தன. வரலாறு நினைவில் வைத்திருப்பது அன்னா தின்னின் பெயரை.

அவருக்குப் பின் வந்தவர் பிலிப் ஹென்றி காஸ். 1854இல் அவர் எழுதிய 'தி அக்வேரியம்' என்ற புத்தகம் இங்கிலாந்தையே கடற்கரைக்கு அனுப்பியது. காஸ் பக்திமான். ஒரு கடற்பூவின் இதழில் கடவுளின் கைவண்ணத்தைப் பார்த்தவர். மற்றவர்களும் பார்க்கட்டும் என்று எழுதினார். பார்க்க வந்தவர்கள் வாளியோடும் உளியோடும் வந்தார்கள். அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் எழுதிய தன்வரலாற்றில், சிறுவனாகத் தந்தையோடு பார்த்த பாறைக் குளங்கள் பிறகு சூறையாடப்பட்டுக் காலியாகிவிட்டதைச் சொல்கிறார். அந்தக் குளங்களைக் காலி செய்தவர்கள் கடலை வெறுத்தவர்கள் அல்ல. தந்தையின் புத்தகத்தைப் படித்து அதன்மேல் ஆசைப்பட்டவர்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் மாண்டரின் மீன் ஞாபகம் வந்தது. அலட்சியம் கெடுதல் செய்யும் என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித்தருகிறார்கள். ஆசையும் செய்யும் என்று யாரும் சொல்வதில்லை.

2022இல் வேலை விஷயமாக ஐந்து நாள் பினாங்கு போக வேண்டியிருந்தது. அம்மாவிடம் தீனி டப்பாவைக் கொடுத்து, "ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை. அவ்வளவுதான்மா" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது தண்ணீர் கஞ்சித் தண்ணீராக இருந்தது. டப்பா பாதி காலி. இரண்டு கோமாளி மீன்களில் ஒன்று பாறை இடுக்கில் செத்துக் கிடந்தது. இரண்டு வருடம் வளர்த்த சுத்தியல் பவளத்தின் சதை முழுக்கக் கரைந்து, வெள்ளை எலும்புக்கூடு மட்டும் நின்றது. அமோனியா சோதனைக் குப்பி நான் அதுவரை பார்க்காத பச்சையில் இருந்தது.

நான் கத்தினேன். எழுபது வயதை நெருங்கும் அம்மாவிடம், ஒரு பெட்டித் தண்ணீருக்காக. அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "அந்தக் கலர் மீனு மாதிரி இதுங்களும் பசியில கெடக்குதோன்னு நெனச்சேன்டா. நான் பக்கத்துல போனாலே வாயத் தொறந்துகிட்டு வருது. வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு?" என்றார்.

அந்த ராத்திரி பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. ஒரு மீன் பட்டினியால் செத்தது என்னால். இன்னொன்று அளவுமீறிய சோற்றால் செத்தது அம்மாவால். அம்மாவின் பிழை என் பிழையிலிருந்து பிறந்தது. அவர் என்னிடமிருந்து கற்றுக்கொண்ட ஒரே பாடம், இந்தப் பெட்டிக்குள் இருப்பவை பசியால் சாகும் என்பது. எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? என் கையில் சோதனைக் குப்பி இருந்தது. அந்த உயிருக்கு என்ன வேண்டும் என்பது இருவருக்கும் தெரியாது. எண்கள் சரியாக இருந்தால் அது நலமாக இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் பசிக்கிறது என்று அம்மா எடுத்துக்கொண்டார்.

விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகுதான் விட முடியாது என்பது தெரிந்தது.

கடலில் கொண்டுபோய் விடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது சட்டப்படி தவறு, அனுமதியின்றி விலங்குகளை வெளியில் விடக்கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் தவறுதான். தொட்டியிலிருந்து போகும் உயிரோடு தொட்டியின் நோயும் போகும். இந்தோ பசிபிக் கடலின் சிங்கமீன்கள் 1980களில் ஃபுளோரிடாவில் தென்படத் தொடங்கி, இன்று கரீபியன் பாறைகளின் சிறுமீன்களைத் தின்று தீர்க்கின்றன. மீன்தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அவற்றின் மூலம் என்று கருதப்படுகிறது. விடுதலை என்று நாம் நினைப்பது வேறொருவர் வீட்டில் கொள்ளையாக முடியும். இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்றால், அது என் கையைக் கழுவுவது மட்டும்தான். கோமாளி மீன் தொட்டியில் இருபது வருடத்துக்கு மேல் வாழும். பவளத்தை வெட்டி ஒட்டினால் அது புதிதாக வளரத் தொடங்கும், முதுமை என்று ஒன்று அதற்கு இருப்பதாகவே தெரியாது. எடுத்தது ஒரு நிமிடம். திருப்பிக் கொடுக்க இடமில்லை.

இந்தப் பொழுதுபோக்கைப் பழித்துவிட்டு நகர்வது சுலபம். எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. என் கோமாளி மீன்கள் பண்ணையில் பிறந்தவை, கடலை அவை கண்டதே இல்லை. கல்பவளங்கள் எல்லாம் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை, அனுமதிப் பத்திரத்தோடுதான் நாடு தாண்டும். அதைவிட முக்கியம், தொட்டியில் கற்ற வித்தை கடலுக்குத் திரும்பியிருக்கிறது. லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் 2012இல் தொடங்கிய திட்டம், பருவத்தையும் நிலவொளியையும் செயற்கையாகக் கொடுத்துப் பவளங்களைத் தொட்டிக்குள்ளேயே முட்டையிட வைத்தது. ஃபுளோரிடாவில் 2014இல் தொடங்கிய நோய் பவளங்களை அழித்துக்கொண்டு போனபோது, மிஞ்சியவற்றை எடுத்து அமெரிக்கா முழுவதும் உள்ள காட்சியகங்களில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சில உயிர்களுக்கு இன்று கண்ணாடிப் பெட்டிதான் கடைசி இடம்.

இதையெல்லாம் நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களுடைய சட்டையை நான் போட்டுக்கொள்ளக் கூடாது. அவர்கள் பவளத்துக்காகத் தொட்டி வைத்தார்கள். நான் தொட்டிக்காகப் பவளம் வாங்கினேன். என் விளக்கில் நீலத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன், பவளங்கள் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிரும் என்பதற்காக. அந்த ஒளிர்வு என் கண்ணுக்காக.

வலி இல்லாத உயிருக்கு என்ன அநியாயம் செய்துவிட முடியும் என்று கேட்கலாம். பவளத்துக்கு மூளை கிடையாது, மெல்லிய நரம்பு வலை மட்டும்தான். அது துன்பப்படுகிறதா என்பதை வைத்து மட்டும் அறத்தை அளந்தால், நான் அதற்குப் பட்ட கடன் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பவளத்திடமிருந்து நாம் எடுப்பது அதன் சுகத்தை அல்ல, இடத்தை. நூறு உயிர்கள் ஒளிந்துகொள்ளவும் பிறக்கவும் அது இடமாக இருந்தது. என் வீட்டில் அது தனக்குத்தானே அழகாக இருக்கிறது. வலி தெரியாது என்பதால் இடம் பறிபோகவில்லை என்று ஆகிவிடாது. தூர்த்த நிலத்தில் வாழும் எங்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. அரை நூற்றாண்டில் இந்தத் தீவு தன் பவளப்பாறைகளில் பாதிக்கு மேல் மண்ணுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த மண்ணில் எங்களுக்கு வீடும் துறைமுகமும் வேலையும் கிடைத்தன.

2024 ஜூலையில் ஒரு தன்னார்வக் குழுவோடு விடியும் முன்பே படகேறித் தென் தீவு ஒன்றுக்குப் போனேன். கடல் வற்றி, பாறைத் தளம் வெளியே தெரியும் நேரம். டார்ச் வெளிச்சத்தில் முதலில் யாரோ வெள்ளைத் தட்டுகளை வீசிவிட்டுப் போன மாதிரி இருந்தது. கிட்டப் போனால் பவளங்கள். கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, வாரக்கணக்கில் அப்படியே நின்றால் போதும், பவளம் தன் சதைக்குள் குடியிருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறமும் போகும், சோறும் போகும், ஏனென்றால் சூரிய ஒளியில் அதற்குச் சமைத்துப் போட்டது அந்தப் பாசிதான். அது உடனே செத்துவிடாது. நீர் குளிர்ந்தால் பிழைக்கலாம். அதுவரை பட்டினி.

வீட்டுக்கு வந்தேன். தொட்டியில் வெப்பமானி 26 காட்டியது. எல்லாம் நிறத்தோடு விரிந்திருந்தன. அடியில் சில்லர் ஓடிக்கொண்டிருந்தது. அது தண்ணீரிலிருந்து இழுத்த சூட்டை அறைக்குள் ஊதுகிறது. அறையின் சூட்டை ஏர்கான் வெளியே ஊதுகிறது. இரண்டுக்குமான மின்சாரம், இந்த நாட்டின் ஏறக்குறைய எல்லா மின்சாரத்தையும் போல, இயற்கை எரிவாயுவை எரித்து வருகிறது. கடலின் சூட்டில் என் சில்லரின் பங்கு ஒரு துளியில் துளி, தெரியும். ஆனாலும் அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை: நூற்று இருபது லிட்டர் கடலைக் குளிர்விக்க, மிச்சக் கடலைச் சூடாக்கும் ஒரு பெட்டி.

பள்ளியில் எல்லோரும் பாரியைப் படித்திருப்போம். பற்றிப் படரக் கொழுகொம்பில்லாமல் முல்லைக்கொடி தவிப்பதைப் பார்த்து, ஏறிவந்த தேரையே அதற்குக் கொடுத்தவன். சின்ன வயதில் அது எனக்கு வள்ளல் ஒருவனின் ஊதாரித்தனமாகத்தான் தெரிந்தது. ஒரு குச்சி நட்டால் போதாதா என்று வாத்தியாரிடம் கேட்டிருக்கிறேன். இப்போது கதையில் வேறொன்று தெரிகிறது. பாரி முல்லையைப் பெயர்த்து அரண்மனைக்குக் கொண்டுபோகவில்லை. அங்கே தோட்டக்காரர்கள் இருந்திருப்பார்கள், பந்தல் இருந்திருக்கும், தினமும் தண்ணீர் கிடைத்திருக்கும். அவனும் தினமும் பார்த்து மகிழ்ந்திருக்கலாம். கொடி நின்ற இடத்தில் நின்றது, தேர் நின்றுவிட்டது, அவன் போய்விட்டான். அது பூத்ததை அவன் பார்த்தானா என்பதுகூடக் கதையில் முக்கியமில்லை.

நானோ முல்லையைத் தேரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவன்.

அந்த இரவு நேர நோட்டுக்கு இப்போது வருகிறேன். பராமரிப்பில் ஓர் ஆபத்து இருக்கிறது, அது தரும் நிம்மதி. தினமும் சோதித்து, அளந்து, கண்ணாடியைத் துடைத்து முடிக்கும்போது நான் நல்லவன் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த எண்ணம், இதெல்லாம் எங்கே தொடங்கியது என்பதை மறக்கடிக்கிறது. கடனுக்கு வட்டி கட்டுகிறவன் தானம் செய்வதாக நினைத்துக்கொள்வது போல. குழந்தை வளர்ப்பிலும், வயதானவர்களைப் பார்த்துக்கொள்வதிலும், வீட்டு வேலைக்கு ஆள் வைத்து "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று சொல்வதிலும் இந்த நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்பது உண்மையாகவே இருக்கலாம். அது முதல் கேள்விக்குப் பதிலாகாது.

அதற்காகப் பராமரிப்பை நிறுத்துவதும் நேர்மை அல்ல. தவறில் தொடங்கியது என்பதால் கடமை சின்னதாவதில்லை, இன்னும் கனக்கிறது. நான் எட்டிய இடம் இவ்வளவுதான்: செய்வதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும், அதைப் பெருமையாக நினைக்காமல். அந்த ஜூலைக்குப் பிறகு கடலிலிருந்து பிடித்த எதையும் வாங்கவில்லை. வளர்ந்த பவளங்களை வெட்டி, கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன், அவர்கள் கடலிலிருந்து ஒன்று குறைவாக வாங்குவார்கள் என்ற கணக்கில். நீலத்தைக் குறைத்திருக்கிறேன். தொட்டி இப்போது கொஞ்சம் மங்கல்தான்.

உள்ளே நான் வாங்காத ஒரு ஜீவனும் இருக்கிறது. முதல் வருடம் ஒரு ராத்திரி அம்மா என்னை எழுப்பினார். "கண்ணாடி விரிசல் விடுதுடா. டக்குனு சத்தம் கேட்டுச்சு." ஓடிவந்து பார்த்தால் ஒன்றுமில்லை. மறுநாளும் டக். பாறைக்குள் ஒளிந்து வந்த துப்பாக்கி இறால் அது. ஒரு கொடுக்கைப் படாரென்று மூடித் தண்ணீரில் அந்தச் சத்தத்தை உண்டாக்கும். ஐந்து வருடத்தில் அதை நான் முழுதாக ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதற்கும் சேர்த்துத்தான் தீனி போடுகிறேன், உப்பை அளக்கிறேன்.

தினமும் ஒன்றிரண்டு லிட்டர் ஆவியாகிவிடும். புதிதாக வருபவர்கள் அதற்குப் பதில் உப்புத் தண்ணீரை ஊற்றித் தொட்டியைக் கெடுப்பார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்த வேலை இப்போது அம்மாவுடையது. ராத்திரி விளக்கு அணைந்ததும் குவளையோடு வந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கோடு வரைக்கும் மெதுவாக ஊற்றுவார். ஊற்றி முடித்துக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். உள்ளே இருட்டிலிருந்து டக் என்று கேட்கும்.

"இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போவார்.